டிவி ஓயாத வீட்டுக்கு எந்த சாட்டிலைட் இணைய பிளான்?

சாட்டிலைட் இணைய விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது வேகம். வீட்டில் சண்டையைக் கிளப்புவது ஜிபி. ‘நொடிக்கு 100 மெகாபிட்’ என்பதை நம்பி பிளான் வாங்கி, முதல் வாரத்திலேயே டேட்டா தீர்ந்து, மீதி மாதம் முழுக்க டிவித் திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கிற தவறு. அதனால் வேகத்தைக் கடைசியில் பார்ப்போம்.

கேபிளும் ஃபைபரும் எட்டாத, போனில் சிக்னல் ஒரு கோட்டோடு நின்றுவிடுகிற இடங்களுக்குத்தான் இந்தக் கணக்கெல்லாம். தெருமுனை வரை ஃபைபர் வந்திருந்தாலோ, மொட்டை மாடியில் 4ஜி, 5ஜி நன்றாகக் கிடைத்தாலோ அதையே வாங்குங்கள். சாட்டிலைட் பக்கமே வர வேண்டாம். உதாரணங்களை அமெரிக்கக் கிராமப்புறத்திலிருந்து எடுத்திருக்கிறோம். ஜிபி எண்ணிக் கொடுக்கும் பிளான், எண்ணாத பிளான், இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பிளான் மூன்றும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் விற்பனையாகின்றன. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் என்ற சாட்டிலைட் இணைய சேவை வந்த இலங்கையில் விலையும் பிளான் பெயரும் வேறு. கூட்டல் பெருக்கல் ஒன்றுதான்.

முதலில் வீட்டுக் கணக்கு

மனப்பாடம் செய்ய வேண்டிய எண் ஒன்றே ஒன்று: நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 0.45 ஜிபி. எந்த வீடியோவையும் இதால் பெருக்கிவிடலாம். 5 மெகாபிட்டில் ஓடும் ஹெச்டி படம் மணிக்கு 2.25 ஜிபி, 15 மெகாபிட்டில் ஓடும் 4கே படம் 6.75 ஜிபி. நெட்ஃபிளிக்ஸ் தானே சொல்லும் அளவும் இதை ஒட்டித்தான் வருகிறது: ஹெச்டிக்கு மணிக்கு 3 ஜிபி வரை, 4கேக்கு 7 ஜிபி வரை.

இனி ஐந்து பேர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்.

கூடத்து டிவியில் தினம் 3 மணி நேரம் 4கே: மாதம் 630 ஜிபி.
பெரியவர்களுக்காக இணையம் வழியே ஓடும் தமிழ்ச் சேனல் பெட்டி, தினம் 8 மணி நேரம், 4 மெகாபிட்: 432 ஜிபி.
இரண்டு போனில் ஆளுக்கு 2 மணி நேரம் 480பி வீடியோ, மணிக்கு அரை ஜிபி: 60 ஜிபி.
வீட்டிலிருந்து வேலை, தினம் 3 மணி நேர வீடியோ மீட்டிங், 22 நாள், மணிக்கு சுமார் 1 ஜிபி: 66 ஜிபி.

கூட்டினால் 1,188 ஜிபி, அதாவது நாளுக்கு ஏறக்குறைய 40. நூறு ஜிபி பிளான் இந்த வீட்டில் மூன்றாம் நாள் மதியத்தைத் தாண்டாது.

வாசலில் கேமரா இருந்தால் அதையும் விசாரியுங்கள். ஆள் நடமாடும்போது மட்டும் பதிவை அனுப்பும் கேமரா பெரிதாக எதுவும் தின்னாது. இருபத்து நாலு மணி நேரமும் படத்தை இணையத்துக்கு ஏற்றிக்கொண்டே இருக்கும் கேமராவோ, 1 மெகாபிட்டிலேயே மாதம் 324 ஜிபியை விழுங்கிவிடும். அதுவும் அப்லோடு. சாட்டிலைட்டில் மெலிந்து கிடப்பதே அந்தப் பாதைதான்.

கணக்கில் பலர் விடுவது தமிழ்ச் சேனல் பெட்டியை. டிவியை ரிமோட்டில் அணைத்துவிட்டால் எல்லாம் நின்றுவிட்டது என்று நினைப்போம். ஹெச்டிஎம்ஐ துளையில் செருகிய ஸ்டிக்குக்குச் சுவர் அடாப்டரிலிருந்து மின்சாரம் போகிறதென்றால், திரை இருண்ட பிறகும் அது பாட்டுக்கு சீரியலை இழுத்துக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. சந்தேகமாக இருந்தால் ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு ரவுட்டர் ஆப்பைத் திறந்து எந்தச் சாதனம் டேட்டா எடுக்கிறது என்று பாருங்கள். முகப்புத் திரைக்குப் போய்விட்டு டிவியை அணைக்கும் பழக்கம் வந்தால் போதும். இல்லையென்றால் பெட்டிக்கும் டிவிக்கும் ஒரே சுவிட்ச் போட்ட எக்ஸ்டென்ஷன். ரோகு என்ற ஸ்ட்ரீமிங் பெட்டியில் அலைவரிசைச் சேமிப்பு என்று ஒரு அமைப்பு உண்டு. நான்கு மணி நேரம் ரிமோட்டை யாரும் தொடாவிட்டால் ‘பார்க்கிறீர்களா’ என்று கேட்டுவிட்டு நிறுத்திவிடும். அதை அணைத்துவிடாதீர்கள்.

இப்போதே ஏதோ ஒரு இணைய இணைப்பு இருந்தால் ஊகமே வேண்டாம், அளந்துவிடலாம். ரவுட்டரில் டேட்டா மீட்டர் இருந்தால் ஏழு நாள் கணக்கெடுங்கள். இல்லையென்றால் விண்டோஸின் நெட்வொர்க் அமைப்புகளில் 30 நாள் கணக்கு இருக்கிறது, ஆண்ட்ராய்டு போனில் வைஃபைக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. ஏழு நாள் எண்ணை 4.3ஆல் பெருக்கி, மேலே கால் பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கால் பங்கு பள்ளி விடுமுறைக்கும், நூறு ஜிபியைத் தாண்டும் ஒரு கேம் டவுன்லோடுக்கும். மெதுவான பழைய இணைப்பில் எடுத்த அளவு எப்போதும் குறைத்தே காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம். வேகம் கூடியதும் ஆப்கள் தாமாகவே படத் தரத்தை ஏற்றிவிடும். பழைய லைனில் 300 ஜிபி எடுத்த வீடு புதிய லைனில் 600க்கு எகிறினால் யாரும் கூடுதலாகப் பார்த்தார்கள் என்று அர்த்தமில்லை.

மூன்று விதமான பிளான்

செயற்கைக்கோள் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதில்தான் விஷயம் தொடங்குகிறது. ஹியூஸ்நெட், வயாசாட் என்ற அமெரிக்க சேவைகள் இரண்டும் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டரில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் பெரிய செயற்கைக்கோள்களை நம்பியிருப்பவை. ஒரு கேள்வி போய்ப் பதில் வர நான்கு முறை அந்தத் தூரத்தைக் கடக்க வேண்டும். ஒளி வேகத்தில் போனாலும் அரை நொடி ஆகிவிடும். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 480 முதல் 550 கிலோமீட்டரில் ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பவை. தாமதம் பெரும்பாலும் 25 முதல் 60 மில்லிநொடி.

இந்தத் தாமதத்தால் படம் பார்ப்பது கெடும் என்று சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. ப்ளே அழுத்தியதும் தொடங்கச் சற்று நேரமாகும், அவ்வளவுதான். ஓட ஆரம்பித்துவிட்டால் முன்கூட்டியே இழுத்துச் சேமித்து வைத்த படம்தான் திரையில் ஓடுகிறது. வீடியோ காலும் கேமும்தான் அடிபடும். படம் பார்க்கிறவர்களுக்கு உண்மையான இடைஞ்சல் வேறு. ஒரு பெரிய செயற்கைக்கோளின் கொள்ளளவைப் பரந்த பகுதியில் உள்ள எல்லா வீடுகளும் பங்குபோட வேண்டியிருப்பதால், நிறுவனம் ஜிபியை எண்ணித்தான் கொடுத்தாக வேண்டும்.

ஹியூஸ்நெட் பிளான்களில் ‘முன்னுரிமை டேட்டா’ என்று ஒரு அளவு வரும். அது தீர்ந்தாலும் இணைப்பு அறுந்துவிடாது, வேகம் 1 முதல் 3 மெகாபிட்டுக்கு இறங்கும். ‘அன்லிமிடெட்’ என்று எழுதுவது இந்த அர்த்தத்தில்தான். பொய் இல்லை, ஆனால் ஒரே ஒரு திரையில் 480பி படத்துக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. நூறு ஜிபியை நெட்ஃபிளிக்ஸின் நடுத்தர அமைப்பில், மணிக்கு 0.7 ஜிபி வீதம் செலவழித்தால் 142 மணி நேரம் வரும். நாளுக்கு நாலே முக்கால் மணி. வேறு யாரும் எதையும் தொடாத ஒற்றை டிவி வீட்டுக்கு அது போதும். ஐந்து பேர் வீட்டுக்கு இந்த வகையை யார் பரிந்துரைத்தாலும் கேட்காதீர்கள்.

வயாசாட்டின் ‘அன்லீஷ்டு’ இரண்டாவது வகை: கறாரான எல்லை கிடையாது, ஆனால் 30 நாளில் 850 ஜிபியைத் தாண்டினால் நெரிசல் நேரத்தில் உங்கள் வீடு வரிசையில் பின்னுக்குப் போகும். மேலே சொன்ன 1,188 ஜிபி வீடு இதில் மூன்று வாரம் நிம்மதியாக இருக்கும். படத்தரத்தைக் கொஞ்சம் குறைத்தால் மாதம் முழுக்கவே இருக்கும். அது எப்படி என்பது கீழே. பழைய வயாசாட் பிளான்களில் வீடியோவையே 480பி, 720பி என்று பிளானுக்கேற்ப அமுக்கி வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட பழைய பிளானில் இன்னும் இருப்பவர்கள் எந்த 4கே டிவி வாங்கியும் பயனில்லை.

மூன்றாவது, ஜிபி எண்ணாத ஸ்டார்லிங்க் வீட்டுப் பிளான். ஓயாமல் படம் ஓடும் வீட்டுக்கு இதுதான் இயல்பான தேர்வு, கூட்டல் கணக்கே அதைச் சொல்லிவிடுகிறது. ஆனால் உள்ளுக்குள் படிநிலை உண்டு. ‘லைட்’ என்ற மலிவான பிளானில் (பெயர் இடத்துக்கு இடம் மாறும்) டேட்டா அளவில்லைதான். மாலையில் நெரிசல் வந்தால் முழுவிலை கொடுத்தவர்களுக்குப் பிறகுதான் லைட் வீடுகளுக்குப் பங்கு. சுற்றுவட்டாரத்தில் டிஷ்கள் குறைவாக இருக்கும் கிராமத்தில் இந்த வித்தியாசமே தெரியாது. நகர விளிம்பில் நன்றாகத் தெரியும். முதலில் லைட் எடுத்து, இரவு ஒன்பது மணிக்குப் போதவில்லையென்றால் மேலே ஏறுவதுதான் கெட்டிக்காரத்தனம். எடுத்த எடுப்பிலேயே பெரிய பிளானுக்குப் போவதற்கு ஸ்ட்ரீமிங்கை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது.

‘ரோம்’ வகையை வீட்டுக்கு வாங்க வேண்டாம். சின்னப் பெட்டி, குறைந்த விலை என்று கண்ணைக் கவரும். அது பயணத்துக்கானது, அதன் மலிவான பிளானில் ஜிபி எல்லை இருக்கிறது, நெரிசலில் முழுவிலை வீட்டுப் பிளானுக்குப் பின்னால்தான் அதன் இடம்.

லேபிளில் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் 2024 ஏப்ரல் 10 முதல் பெரிய இணைய நிறுவனங்கள் ஒவ்வொரு பிளானுக்கும் ஒரு லேபிள் காட்டியாக வேண்டும். பிஸ்கட் பொட்டலத்தின் ஊட்டச்சத்துக் கட்டம் போலவே இருக்கும். அங்கே தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையமான எஃப்சிசி கொண்டுவந்த விதி இது. சிறிய நிறுவனங்களுக்கு அதே ஆண்டு அக்டோபர் 10 முதல். விற்பனையாளரின் பேச்சைக் கேட்பதற்கு முன் லேபிளைத் திறந்து கீழிருந்து மேலே படியுங்கள், வில்லங்கமெல்லாம் கீழேதான்.

மாதவிலையில் எத்தனை ஜிபி அடக்கம், கூடுதல் டேட்டாவுக்கு என்ன விலை என்பவை கீழே இருக்கும். அதற்குச் சற்று மேலே ‘வழக்கமான’ டவுன்லோடு, அப்லோடு, தாமதம். விளம்பரத்தின் ‘வரை’ போட்ட வேகத்தை விட இந்த எண்தான் பொருட்படுத்த வேண்டியது. இன்னும் மேலே போனால் ஒருமுறைக் கட்டணங்களும், ஒப்பந்தத்தை முன்கூட்டி முறித்தால் கட்ட வேண்டிய தொகையும். உச்சியில் இருக்கும் மாதவிலைக்குப் பக்கத்தில் ‘இது அறிமுக விலையா’ என்ற கேள்விக்கு ஆமாம் என்று இருந்தால், எத்தனை மாதத்துக்குப் பிறகு எவ்வளவு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உபகரணம் வாடகையா, சொந்தமா என்பதையும் சேர்த்து 24 மாதத்துக்குக் கூட்டினால்தான் இரண்டு பிளானை ஒப்பிட முடியும். முதல் மாத விலையை வைத்து ஒப்பிடுவது வீண் வேலை.

வேகம்

இப்போது வேகத்துக்கு வரலாம். ஒரே நேரத்தில் என்னவெல்லாம் ஓடும் என்று கூட்டுங்கள்: ஒரு 4கே 15, இரண்டு ஹெச்டி 10, ஒரு வீடியோ கால் 4. மொத்தம் 29. மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் சுமார் 40 மெகாபிட். இது இரவு எட்டிலிருந்து பத்து வரை கிடைத்தால் ஐந்து பேர் வீடு தாராளமாக ஓடும். அதிகாலையில் 250 காட்டும் இணைப்பு இரவில் 20க்கு விழுமானால், இரவிலும் 60 காட்டும் இணைப்புக்கு அது ஈடாகாது. அதே ஊரில் ஏற்கெனவே டிஷ் வைத்திருப்பவர் வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு ஒரு ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பார்த்துவிட்டால் எந்த விமர்சனமும் படிக்க வேண்டாம்.

வானம், மரம், மின்சாரம்

பணம் கட்டுவதற்கு முன் வானத்தைப் பாருங்கள். ஹியூஸ்நெட், வயாசாட் டிஷ்களுக்கு அமெரிக்காவில் தெற்கு வானத்தில் ஒரு குறிப்பிட்ட புள்ளி மட்டும் தெரிந்தால் போதும். ஒரு சந்து கிடைத்தாலே வேலை முடிந்தது. ஸ்டார்லிங்க்குக்கு அப்படியில்லை. ஸ்டாண்டர்டு டிஷ் 110 டிகிரி அகலத்துக்கு வானத்தைப் பார்க்கிறது. அதற்குள் ஒரு மரக்கிளை இருந்தாலும், செயற்கைக்கோள் அந்தக் கிளைக்குப் பின்னால் போகும் சில நொடிக்கு இணைப்பு விடும். ஸ்டார்லிங்க் ஆப்பைக் கணக்குத் தொடங்காமலே இறக்கி, டிஷ் வைக்கப்போகும் இடத்திலேயே நின்று, தடை பார்க்கும் பகுதியில் கேமராவைச் சுழற்றி ஸ்கேன் செய்யலாம். தரையில் நின்று ஒரு முறை, முடிந்தால் கூரையில் ஒரு முறை. தென்னை இருக்கும் இலங்கைத் தோட்டங்களில் காற்று வீசும்போது ஓலை எங்கே வரை வளையும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அசையாத நேரத்தில் எடுத்த ஸ்கேன் அதைக் காட்டாது.

படம் பார்ப்பதற்கு மட்டும் என்றால் சில நொடித் தடையைப் பெரிதுபடுத்த வேண்டாம், சேமிப்பில் இருக்கும் படம் அதை மூடிவிடும். நேரலைக் கிரிக்கெட்டும் மீட்டிங்கும்தான் வெட்டும். நேரலைச் சேனல்களுக்கு இணையமே வேண்டாம் என்பதும் ஒரு வழி. அமெரிக்காவில் கூரை ஆன்டெனாவில் உள்ளூர்ச் சேனல்கள் இலவசமாக வருகின்றன. மற்ற நாடுகளில் டிடிஹெச் இருக்கிறது. அதில் எத்தனை மணி நேரம் பார்த்தாலும் ஒரு ஜிபிகூடக் குறையாது. எல்லை வைத்த பிளானில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதைவிடப் பெரிய சேமிப்பு கிடையாது.

மின்சாரத்தை யாரும் சொல்லமாட்டார்கள். ஸ்டாண்டர்டு டிஷ் சராசரியாக 75 முதல் 100 வாட் எடுக்கும். நாள் முழுக்க ஓடினால் மாதம் 54 முதல் 72 யூனிட். ஸ்டார்லிங்க்கின் சின்ன டிஷ்ஷான மினி 25 முதல் 40 வாட், அதாவது 18 முதல் 29 யூனிட். யூனிட் ஏற ஏறக் கட்டணப் படியும் ஏறும் ஊரில் இது பிளான் விலையின் ஒரு பகுதியே. இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் பேட்டரிக் கணக்கிலும் இதைச் சேருங்கள்.

மாட்டிய முதல் நாளே செய்ய வேண்டியவை

நெட்ஃபிளிக்ஸை பிரவுசரில் திறந்து, ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனித்தனியாகப் பிளேபேக் அமைப்பில் டேட்டா அளவை மாற்ற வேண்டும். ஒரு புரொஃபைலில் மாற்றினால் மற்றதில் மாறாது. மாற்றமும் நடைமுறைக்கு வர எட்டு மணி நேரம் வரை ஆகலாம். ‘மாற்றினேன், வேலை செய்யவில்லை’ என்பவர்களில் பலர் காத்திருக்காதவர்கள். அமேசானின் ஃபயர் டிவியில் டேட்டா கண்காணிப்பு என்ற பகுதியில் வீடியோ தரத்தைக் குறைத்து வைக்கலாம்.

இதையெல்லாம் ஆப் ஆப்பாகச் செய்ய அலுப்பாக இருந்தால் ஒரு குறுக்கு வழி: ஸ்ட்ரீமிங் பெட்டியின் திரை அமைப்பையே 4கேயிலிருந்து 1080பிக்கு இறக்கிவிடுங்கள். பெட்டி 4கே காட்டாது என்று தெரிந்தால் ஆப்கள் 4கே கேட்கமாட்டா. 43 அங்குல டிவியைப் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிறவர்கள் யாரும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப்போவதில்லை. நம் உதாரண வீட்டில் இந்த ஒரு மாற்றம் 630ஐ 270 ஆக்குகிறது. தமிழ்ச் சேனல் பெட்டியை ஆள் இருக்கும் மூன்று மணி நேரத்துக்குச் சுருக்கினால் 432 போய் 162. மொத்தம் 558. வயாசாட்டின் 850க்குள் வசதியாக அடங்கிவிட்டது, யாருடைய சீரியலும் கெடவில்லை.

தடுமாறும்போது

படம் நின்று நின்று ஓடினால் பிளானைத் திட்டுவதற்கு முன் லேப்டாப்பை ரவுட்டரில் கேபிளால் செருகி அளந்து பாருங்கள். கேபிளில் நன்றாக இருந்து வைஃபையில் மட்டும் மோசம் என்றால் குற்றம் சாட்டிலைட்டில் இல்லை. ரவுட்டர் ஸ்டோர் ரூமில் இரும்பு அலமாரிக்குப் பின்னால் இருக்கும். கேபிளிலும் மோசம், ஆனால் இரவில் மட்டும் என்றால் நெரிசல். அப்போதுதான் மேல் பிளானுக்குப் பணம் கட்டுவதில் அர்த்தம் இருக்கிறது. எந்நேரமும் 2 மெகாபிட் சுற்றியே நிற்கிறது என்றால் முன்னுரிமை டேட்டா தீர்ந்திருக்கும், கணக்குப் பக்கத்தில் பாருங்கள். பலத்த மழையின் கருமேகம் தலைக்கு மேல் நிற்கும்போது மட்டும் விடுகிறது என்றால் அது அலைவரிசையின் இயல்பு, மழைத்துளி சிக்னலை உறிஞ்சிவிடும். எந்த பிளானும் அதைத் தீர்க்காது.

உயர நிற்கும் செயற்கைக்கோள் சேவைகளில் விபிஎன் (தரவைப் பூட்டி வேறு ஊர் வழியாக அனுப்பும் மென்பொருள்) போட்டுப் படம் பார்ப்பது தனித் தலைவலி. தூரத்தால் வரும் தாமதத்தை மறைக்க அந்த நிறுவனங்கள் நடுவில் நின்று தரவை முடுக்கிவிடுகின்றன. விபிஎன் எல்லாவற்றையும் பூட்டிவிடுவதால் அந்த முடுக்கம் வேலை செய்யாது, வேகம் பாதிக்கும் கீழே போய்விடும். இந்திய ஓடிடிக்காக விபிஎன் தினமும் தேவைப்படும் வீடு தாழப் பறக்கும் செயற்கைக்கோள் பக்கம் போவதே நல்லது.

ஸ்டார்லிங்க் வீட்டுப் பிளானுக்கு 30 நாள் சோதனைக் காலம் உண்டு. அந்த 30 நாளில் குறைந்தது இரண்டு வார இறுதியும் ஒரு மழை நாளும் வரும்படி பார்த்து, தினம் இரவு ஒன்பது மணிக்கு வேகத்தைக் காலண்டரில் குறித்து வாருங்கள். 40க்குக் கீழே ஐந்தாறு நாள் விழுந்தால் ஒரு படி மேலே போங்கள், அல்லது திருப்பி அனுப்புங்கள். டிஷ் வந்த பெட்டியையும் உள்ளே இருந்த அட்டையையும் அதுவரை யாரும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.